இந்திர லால் ராய்க்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

பள்ளி வரலாற்றுப் பாடநூல்களை எழுதுகிற, சரிபார்க்கிற ஆசிரியர் குழுவினருக்கு வணக்கம்.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் 29 ஆண்டுகள் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருப்பது உங்களுக்குத் தெரியும். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கே பயிற்சி தருகிற பள்ளி அங்கேதான் இருக்கிறது. பயிற்சி விமானம் ஒன்று தாழப் பறந்தால் போதும், வகுப்பில் பாடம் அதோடு நிற்கும். நாற்பது தலையும் ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். அப்படி நின்றுபோன ஒரு நாளில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து கேட்டான்: "மிஸ், முதல் உலகப் போர்ல நம்ம ஆளுங்க யாராவது பிளேன்ல போய் சண்டை போட்டாங்களா?"

அன்று நடந்துகொண்டிருந்ததும் அந்தப் பாடம்தான். எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய கதையை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன். கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லப்பா, நம்மவங்களைத் தரைப்படையிலதான் சேர்த்தாங்க. விமானத்தை எல்லாம் வெள்ளைக்காரங்களே வச்சுக்கிட்டாங்க" என்று பதில் சொன்னேன். பையன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

நான் சொன்னது தவறு. அது தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. ஓய்வு பெற்றபின், உறவினர் வீட்டில் ஒரு பழைய தபால்தலை ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1998-ல் நம் அஞ்சல் துறை வெளியிட்ட தலை ஒன்று அதில் இருந்தது. இந்திர லால் ராய் என்ற பெயர், ஓர் இளைஞரின் முகம். யார் இவர் என்று தேடத் தொடங்கியவள், அந்த வாரம் முழுக்க வேறு எதையும் படிக்கவில்லை. 1918 ஜூலையில், பிரான்ஸின் வடக்கே, ஒற்றை ஆள் உட்காரும் போர் விமானத்தில் பறந்து, இரண்டே வாரத்துக்குள் 10 வெற்றிகளைக் கணக்கில் சேர்த்து, 19 வயதில் இறந்துபோன கல்கத்தாக்காரர். ஐந்து விமானங்களை வீழ்த்தியவரை 'ஏஸ்' என்று அழைப்பது அந்தப் போரில் வந்த வழக்கம். இந்தியாவிலிருந்து அப்படிப் பெயர் பெற்ற முதல் ஆள் இவர்தான்.

என்னிடம் கேள்வி கேட்ட பையனைப் போய்த் தேட எனக்கு வழியில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். முதல் உலகப் போர்ப் பாடத்தில் இவருக்கு ஒரு பக்கம் கொடுங்கள். ஓரத்தில் பெட்டி கட்டி 'உங்களுக்குத் தெரியுமா?' என்று இரண்டு வரி போடுவதை நான் கேட்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் போனால் "முதல் இந்திய ஏஸ் யார்?" என்று ஒரு மதிப்பெண் கேள்வியாகி, பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். 29 ஆண்டுகள் அதைப் பார்த்தவள் சொல்கிறேன். பாடத்தின் நடுவிலேயே வரட்டும். அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவருடைய தாயிடமிருந்து தொடங்குங்கள். இந்திர லால் பிறந்தது 1898 டிசம்பர் 2, கல்கத்தாவில். குடும்பத்தின் பூர்வீகம் இன்று வங்கதேசத்தில் இருக்கும் பாரிசால் பகுதி. தந்தை பியாரி லால் ராய் வழக்கறிஞர். தாய் லலிதா ராய் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காக அவர்களோடு லண்டனில் குடியிருந்தவர். சும்மா குடியிருந்தவர் இல்லை. 1911 ஜூனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு லண்டன் தெருக்களில் பல்லாயிரம் பெண்கள் ஊர்வலம் போனபோது, அதில் இந்தியப் பெண்களின் அணியும் நடந்தது. அந்த அணியில் லலிதா ராய் இருந்தார், அவருடைய மகள் லீலாவதியும் இருந்தார். சேலை கட்டிய பெண்கள் ஊர்வலத்தில் நிற்கும் அந்தப் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. பெண்கள் ஓட்டுரிமை பற்றி வேறொரு பாடத்தில் எழுதுகிறீர்கள், உலகப் போர் பற்றி இன்னொரு பாடத்தில் எழுதுகிறீர்கள். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கின்றன. வகுப்பில் இதைச் சொல்லும் ஆசிரியைக்கு அன்று பாடம் நடத்துவது எத்தனை எளிதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்து கண் பரிசோதனை. இதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். இந்திர லால் லண்டனில் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். வீட்டில் அவருக்கு 'லாடி' என்று செல்லப்பெயர். படிப்பை முடித்து விமானப்படைக்கு விண்ணப்பித்தபோது, கண்பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் தன்னுடைய மோட்டார் சைக்கிளை விற்றார். அந்தப் பணத்தில் லண்டனின் பெரிய கண் மருத்துவர் ஒருவரிடம் போய் மறுபடி சோதித்துக்கொண்டார். அவர் தந்த சான்று முதல் முடிவை மாற்றியது. 1917 ஏப்ரலில் பிரிட்டிஷ் தரைப்படையின் விமானப் பிரிவான ராயல் ஃபிளையிங் கோரில் சேர்ந்து, ஜூலை 5-ல் செகண்ட் லெஃப்டினன்ட் ஆனார். அப்போது வயது 18. வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் 'இது நமக்கு ஆகாது' என்று எதையோ ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது நடத்தியவர்களுக்குத் தெரியும்.

ஆனால் கண்ணைவிடப் பெரிய தடை வேறொன்று இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கமே பொய்யாகிவிடும். அந்தப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். ஏறத்தாழ 74,000 பேர் இறந்தார்கள். இவ்வளவு பேர் போயும், மருத்துவப் பிரிவு போன்ற ஒன்றிரண்டைத் தவிர, இந்தியப் படையில் ஓர் இந்தியர் அரசரின் ஆணை பெற்ற அதிகாரி ஆக முடியாது. கலப்பில்லாத ஐரோப்பிய வம்சாவளி வேண்டும் என்பது விதி. நம்மவர் சுபேதார் ஆகலாம், ஜமேதார் ஆகலாம். முப்பது ஆண்டு அனுபவமுள்ள சுபேதாரும், நேற்று வந்த பிரிட்டிஷ் செகண்ட் லெஃப்டினன்டுக்குக் கீழேதான். 1917 ஆகஸ்டில்தான் அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். விமானிகளோ பெரும்பாலும் அதிகாரிகள். ஆக, 'இந்தியர் ஒருவர் போர் விமானம் ஓட்டினார்' என்ற வாக்கியத்துக்குள் 'அதிகாரியானார்' என்ற சண்டையும் சேர்ந்தே இருக்கிறது.

இந்தச் சண்டையைப் புரியவைக்க ஹர்தித் சிங் மாலிக்கின் கதை உதவும். ராவல்பிண்டியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் பேலியல் கல்லூரியில் படித்தவர். பறக்க வேண்டும் என்று கேட்டபோது அவரை எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்ஸுக்குப் போய்ச் செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிரெஞ்சு விமானப் பிரிவு அவரைச் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தது. இதைக் கேள்விப்பட்ட அவருடைய கல்லூரி ஆசிரியர், பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் ஆளை நாம் மறுப்பதா என்று விமானப்படையின் தலைமையில் இருந்த ஜெனரல் ஹெண்டர்சனுக்கு எழுதினார். அதன்பின் வழி திறந்தது. தலைப்பாகைக்கு மேல் போடும்படி தனியாகச் செய்த பெரிய தலைக்கவசத்தோடு மாலிக் பறந்தார். 1917 அக்டோபர் 26 அன்று நடந்த சண்டையில் அவருடைய காலில் குண்டு பாய்ந்தது. தரையிறங்கிய விமானத்தில் 400-க்கும் மேற்பட்ட துளைகள் இருந்தன. பிழைத்தார். பிற்பாடு சுதந்திர இந்தியாவின் தூதராகக் கனடாவிலும் பிரான்ஸிலும் பணியாற்றி, 1985 வரை வாழ்ந்தார். ஒரு மாணவனுக்காக ஓர் ஆசிரியர் எழுதிய கடிதம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நானும் அந்த நம்பிக்கையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இவர்கள் இருவரோடு பம்பாயைச் சேர்ந்த ஸ்ரீகிருஷ்ண வெலிங்கர், கல்கத்தாவின் எரோல் சந்தர் சென் ஆகியோரின் பெயர்களும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். வெலிங்கர் 1918 ஜூனில் பறந்துபோய்த் திரும்பவில்லை. சென் 1917-லேயே ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார்.

மறுபடி இந்திர லாலுக்கு வருகிறேன். 1917 அக்டோபர் 30-ல் அவர் 56-ஆம் ஸ்குவாட்ரனுக்குப் போனார். பிரிட்டிஷ் விமானப் பிரிவுகளிலேயே பெயர்பெற்றது அது. புகழ்பெற்ற பிரிட்டிஷ் ஏஸ் ஜேம்ஸ் மெக்கடன் அப்போது அங்கேதான் இருந்தார். ராய், கேப்டன் ரிச்சர்ட் மேபரியின் அணியில் சேர்ந்தார். டிசம்பர் 6-ல் தரையிறங்கும்போது விமானம் நொறுங்கிப் படுகாயம். அந்த முதல் சுற்றில் ஒரு வெற்றியும் இல்லை. மேபரியும் அதே டிசம்பர் 19-ல் சண்டையில் கொல்லப்பட்டார்.

இந்த விபத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கதை உண்டு. ராய் இறந்துவிட்டதாக நினைத்துப் பிணவறையில் போட்டுவிட்டார்கள் என்றும், அவர் விழித்து உள்ளிருந்து கதவைத் தட்டினார் என்றும் சொல்வார்கள். கேட்கும் பிள்ளைகள் கண் விரியும், எனக்குத் தெரியும். இருந்தாலும் அதை நடந்த செய்தியாக அச்சிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 'இப்படி ஒரு கதையும் சொல்லப்படுகிறது' என்று வேண்டுமானால் ஒரு வரி போடுங்கள். செய்திக்கும் கதைக்கும் நடுவில் உள்ள கோட்டை ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் காட்டாவிட்டால் வேறு எப்போது காட்டுவது?

கதைக்குப் பதிலாக, அந்தக் காலத்தில் அவர் செய்த வேறொன்றைப் போடலாம். மருத்துவமனையில் குணமாகிக்கொண்டிருந்த மாதங்களில் அவர் படம் வரைந்தார். எல்லாம் விமானங்கள். வானில் திரும்புகிற விமானம், துரத்துகிற விமானம், விழுகிற விமானம். அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. விமானம் ஏறக்குறைய தன் உயிரைப் பறித்த பிறகும் விமானத்தையே வரைந்துகொண்டிருந்த 19 வயதுப் பையனை எனக்கு நன்றாகப் புரிகிறது. நோட்டின் கடைசிப் பக்கம் முழுக்க ராக்கெட்டும் பைக்கும் வரைந்து வைத்திருந்த எத்தனையோ பையன்களிடம் நோட்டைப் பிடுங்கியிருக்கிறேன். அந்த ஓவியங்களில் ஒன்றை அனுமதி வாங்கி அச்சிட முடிந்தால், பக்கத்தின் பாதியை அதற்கே கொடுத்துவிடுங்கள்.

மருத்துவர்கள் அவரைப் பறக்கத் தகுதியில்லாதவர் என்றார்கள். அவர் விடவில்லை. 1918 ஜூனில் மறுபடி பிரான்ஸுக்குப் போனார், இந்த முறை 40-ஆம் ஸ்குவாட்ரன். இதற்குள் ஏப்ரல் 1-ல் ராயல் ஃபிளையிங் கோர், ராயல் ஏர்ஃபோர்ஸ் என்ற தனிப் படையாகிவிட்டது. அணித்தலைவர் ஜார்ஜ் மெக்எல்ராய், அயர்லாந்துக்காரர். அவர் இந்தப் பையனுக்கு எப்படி நெருங்குவது, எப்போது சுடுவது, எப்போது விலகுவது என்று கற்றுக்கொடுத்தார். மெக்எல்ராய்க்கு அதே ஸ்குவாட்ரனில் கற்றுக்கொடுத்தவர் எட்வர்ட் மேனக். ஆசிரியர், அவருக்கு ஆசிரியர் என்று ஒரு வரிசை இருக்கிறது பாருங்கள். முதல் சுற்றில் ஒன்றும் செய்ய முடியாதவர் இரண்டாம் சுற்றில் எப்படி மாறினார் என்று பிள்ளைகள் கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் இந்த வரிசைதான்.

விமானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்.இ.5ஏ என்று பெயர். மரச்சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, மேலும் கீழுமாக இரண்டு இறக்கை. மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர் வேகம். கூரையில்லாத இருக்கை, 15,000 அடி உயரத்தில் முகத்தில் அடிக்கும் பனிக்காற்று, ஆக்சிஜன் குழாய் கிடையாது. துப்பாக்கி இரண்டு. ஒன்று இஞ்சினுக்கு மேலே, சுழலும் விசிறியின் ஊடாகவே சுடும். விசிறியின் இலை குறுக்கே வரும் நொடியில் தோட்டா வெளியேறாதபடி இஞ்சினோடு இணைத்த ஒரு பொறி அதைக் கட்டுப்படுத்தும். இன்னொன்று மேல் இறக்கையில். அதன் தோட்டாத் தட்டில் 97 தோட்டாக்கள். அது காலியானால், பறந்துகொண்டே துப்பாக்கியைத் தண்டவாளம் போன்ற ஒரு வளைவின் வழியே கீழே இழுத்து, பழைய தட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அதற்குள் பின்னால் யாரும் வந்துவிடக் கூடாது. விசிறிக்கு நடுவே தோட்டா போகும் விஷயத்தை ஒரு முறை மேசை விசிறியையும் சுண்ணக்கட்டியையும் வைத்து வகுப்பில் விளக்கினேன், என் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும்போது. ஒரு மணி நேரம் கேள்வி ஓயவில்லை. இயற்பியல் ஆசிரியரையும் கூப்பிட்டு நடத்தத் தக்க பாடம் இது.

இப்போது அந்த ஜூலை மாதம். 6-ஆம் தேதி துரோகூர் என்ற ஊருக்கு மேலே முதல் வெற்றி, ஹனோவர் வகை விமானம். 8-ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13-ல் இரண்டு. 15-ல் இரண்டு, இரண்டுமே ஃபோக்கர் டி7. அது எப்படிப்பட்ட விமானம் என்றால், போர் முடிந்தபோது ஜெர்மனி ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். 18-ல் ஒன்று. 19-ல் கான்யிகூர் ஊருக்கு மேலே ஒன்று. மொத்தம் 10. அவர் பறந்த மொத்த நேரமே 170 மணி சொச்சம்தான்.

இந்த 10 என்ற எண்ணைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். ஏனென்றால் பாடநூல்களில் எண்கள் விளக்கம் இல்லாமல் உட்கார்ந்துகொள்கின்றன, பிள்ளைகள் கேள்வி கேட்காமல் விழுங்குகிறார்கள். அந்தப் பத்தில் ஐந்து, அழிந்ததாக உறுதியானவை. மற்ற ஐந்து 'கட்டுப்பாடு இழந்து கீழே போனவை'. அதாவது அடிபட்ட விமானம் சுழன்றபடி கீழே போவதைப் பார்த்தார்கள், அது தரையில் மோதியதைப் பார்க்கவில்லை. சில நேரம் விமானி வேண்டுமென்றே சுழலவிட்டுக் கீழே போய் நிமிர்ந்து தப்பித்துக்கொள்வதும் உண்டு. பிரிட்டிஷார் இதையும் கணக்கில் சேர்த்தார்கள். பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும் இந்த விஷயத்தில் இன்னும் கறாராக இருந்தார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் பெரும்பாலும் எல்லை தாண்டிப் போய் ஜெர்மானியர் பக்கத்தில் சண்டையிட்டன. விழுந்ததைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டு வெற்றிகள் வேறு விமானிகளோடு பகிர்ந்துகொண்டவை. அவர் இறந்த பிறகு தந்த விருதின் குறிப்பிலோ '13 நாட்களில் 9 விமானங்கள்' என்று இருக்கிறது. இரண்டு எண்ணையும் போடுங்கள். ஏன் இரண்டாக இருக்கலாம் என்று வகுப்பில் பேசவிடுங்கள். இப்படிச் சொல்வதால் அவருடைய பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. உறுதியான ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும், இரண்டு வாரத்தில் அதைச் செய்தவர்கள் மிகச் சிலர்.

இன்னொன்றையும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஹனோவர் இரண்டு பேர் போகிற விமானம். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கியோடு ஒருவர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றை ஆள் விமானம் போலச் சின்னதாகத் தெரியும். நெருங்கி வந்தவர்கள் அந்தப் பின் துப்பாக்கிக்கு இரையாவார்கள். ராயின் பத்தில் பாதி ஹனோவர்கள். அவற்றில் இருந்தவர்களும் அவர் வயதுப் பையன்களாகவே இருந்திருப்பார்கள். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இந்த எண்ணைப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

ஜூலை 22, திங்கட்கிழமை. கார்வேன் ஊருக்கு மேலே ஃபோக்கர் டி7 விமானங்களோடு நடந்த சண்டையில் இந்திர லால் ராய் வீழ்த்தப்பட்டார். அந்தக் கோடையில் ஜெர்மானிய விமானிகள் சிலருக்குப் பாராசூட் வந்துவிட்டது. பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குக் கடைசிவரை கொடுக்கவில்லை. தீப்பிடித்தால் விமானத்தோடு எரிய வேண்டும், அல்லது குதித்துச் சாக வேண்டும். இந்த ஒரு முடிவைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பறக்கும் பலூன்களில் இருந்து வேவு பார்த்தவர்களுக்குப் பாராசூட் இருந்தது, விமானிக்கு இல்லை.

நான்கு நாள் கழித்து, ஜூலை 26-ல் மேனக் இறந்தார். அடுத்த ஐந்தாம் நாள், 31-ல் மெக்எல்ராய். பத்தே நாளில் ஆசிரியர், அவருடைய ஆசிரியர், மாணவர் மூவரும் போய்விட்டார்கள். நான் மேலே சொன்ன அந்த வரிசை அப்படியே அறுந்துபோனது.

ராயின் கல்லறை எஸ்தெவெல் என்ற சின்ன ஊரின் பொது மயானத்தில் இருக்கிறது. அவர் விழுந்தபோது அந்தப் பகுதி ஜெர்மானியர் கையில் இருந்தது. கல்லில் வங்க எழுத்தில் ஒரு வரி பொறித்திருக்கிறார்கள்: 'மாவீரனின் சமாதி இது, மரியாதை காட்டு, தொடாதே.' பிரான்ஸின் ஒரு கிராமத்தில், படிக்கத் தெரிந்த யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தும், தாய்மொழியிலேயே எழுதச் சொன்னவர்களின் மனசை நினைத்துப் பார்க்கிறேன். 1918 செப்டம்பர் 21-ல் அவருக்கு டிஸ்டிங்குயிஷ்ட் ஃபிளையிங் கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. அந்த விருது பெற்ற முதல் இந்தியர். கல்கத்தாவில் பவானிபூரில் இந்திர ராய் சாலை என்று அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது.

உங்கள் குழுவில் யாராவது ஒருவர் இந்த இடத்தில் கை தூக்குவார் என்று எதிர்பார்க்கிறேன். 'இவர் யாருக்காகப் பறந்தார்? நம்மை அடிமையாக வைத்திருந்த அரசுக்காகத்தானே? அவரை எதற்குப் பாடப்புத்தகத்தில் கொண்டாட வேண்டும்?' நியாயமான கேள்விதான். நானும் இதைப் பல இரவுகள் யோசித்தேன்.

அதே 1918 ஜூன், ஜூலையில் காந்தியடிகள் கேடா மாவட்டத்தில் கிராமம் கிராமமாக நடந்தார். எதற்கு? பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க. போரில் துணை நின்றால் சுயாட்சி நெருங்கும் என்று அப்போது அவரும் நம்பினார். ராய் கார்வேனுக்கு மேலே விழுந்த அதே வாரங்களில், அகிம்சை போதித்தவர் குஜராத்தின் புழுதிப் பாதையில் சிப்பாய்களைத் தேடி நடந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டார். அடுத்த மார்ச்சில் ரௌலட் சட்டம் வந்தது. ஏப்ரல் 13-ல் ஜாலியன்வாலா பாக். நம்பியவர்களுக்குக் கிடைத்த பதில் அது. இதை எல்லாம் நீங்கள் ஏற்கெனவே தனித்தனிப் பாடமாக வைத்திருக்கிறீர்கள். ராயின் பக்கம் அவற்றுக்கு நடுவில் வந்தால், 1918-ல் ஓர் இந்தியராக இருப்பது எவ்வளவு சிக்கலானது என்று பிள்ளைகளுக்கு ஒரு முகத்தோடு புரியும். அவரைத் தேசபக்தர் ஆக்கவும் வேண்டாம், அரசின் கைக்கூலி ஆக்கவும் வேண்டாம். அவர் வாயில் நாம் எந்த வசனத்தையும் வைக்க வேண்டாம். கண் தெரியாது என்றார்கள், உடம்பு தேறவில்லை என்றார்கள், இரண்டு தடவையும் அவர் திரும்பி வந்தார். இதை மட்டும் எழுதினால் போதும்.

அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1932 அக்டோபர் 8-ல்தான் இந்திய விமானப்படை தொடங்கியது. இந்தியர்களுக்குப் பறக்க வருமா என்று அப்போதும் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். எஸ்தெவெல் மயானத்துக் கல் அப்போது அங்கேதான் நின்றுகொண்டிருந்தது.

பயிற்சி வினாக்கள் பற்றி ஒரு வேண்டுகோள். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' வேண்டாம். வடக்குப் பிரான்ஸின் வரைபடம் ஒன்று கொடுத்து துரோகூர், கார்வேன், எஸ்தெவெல் ஊர்களைக் குறிக்கச் சொல்லுங்கள். '9 என்றும் 10 என்றும் இரண்டு கணக்கு இருப்பது ஏன்?' என்று கேளுங்கள். 'ராயை முதலில் சோதித்த கண் மருத்துவர் நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைகள் எழுதும் பதில்கள் உங்களையே அசத்தும்.

இந்த மடலோடு நானே எழுதிப் பார்த்த ஒரு மாதிரிப் பக்கத்தையும் வைத்திருக்கிறேன். மொத்தம் 41 வரி வருகிறது. உங்களுக்கு இடநெருக்கடி இருக்கும், வெட்டத்தான் வேண்டியிருக்கும், அது தெரிந்தே எழுதினேன். வெட்டுவதானால் விமானத்தின் வேகத்தையும் உயரத்தையும் முதலில் வெட்டுங்கள். அடுத்து விருதின் பெயரை வெட்டுங்கள். மோட்டார் சைக்கிளையும், மருத்துவமனையில் வரைந்த படங்களையும், லலிதா ராய் என்ற பெயரையும் மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை,
சேலையூர்.